பழைய எம்3 வாங்கப் போகிறீர்களா? விற்பவர் யாரென்று முதலில் கேளுங்கள்

கேள்வி: நான் ஜெர்மனியில் டோர்ட்மண்டில் வசிக்கிறேன். இங்கே ஒரு பழைய கார் வணிகரிடம் 2011ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்3 கூப்பே ஒன்று நிற்கிறது. ஓடியது 1,08,000 கி.மீ. பக்கத்தில் 2013ஆம் ஆண்டு எம்135ஐ ஒன்றும் உள்ளது. முதலாவது, சாதாரணக் கூப்பேயை எம்3 போல ஒப்பனை செய்ததாக இருக்கலாம் என்று என் மைத்துனர் அஞ்சுகிறார். இரண்டாவது எம் காரே இல்லை என்கிறார். இரண்டையும் ‘வாடிக்கையாளர் சார்பில்’ விற்பதாக வணிகர் சொல்கிறார். எதை எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: உங்கள் மைத்துனரின் முதல் அச்சத்தை ஐந்து நிமிடத்தில் தீர்த்துவிடலாம். உண்மையில் என்னைக் கவலைப்பட வைப்பது நீங்கள் கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கும் வாசகம்தான். அதற்குப் பிறகு வருகிறேன்.

1972இல் பந்தயப் பிரிவாக 35 பேருடன் தொடங்கப்பட்டு, 1993 முதல் பிஎம்டபிள்யூ எம் என்ற பெயரில் இயங்கும், எம் கார்களை உருவாக்கும் பிஎம்டபிள்யூவின் துணை நிறுவனம், சட்டத்தின் கண்ணில் தனி உற்பத்தியாளர். ஆகவே அதன் கார்களுடைய அடிச்சட்ட எண் ‘டபிள்யூ-பி-எஸ்’ என்ற மூன்று எழுத்துகளில் தொடங்கும். தாய் நிறுவனத்தின் கார்களுக்கு ‘டபிள்யூ-பி-ஏ’ என்று தொடங்குவதே வழக்கம். நாம் ஃபார்ட்சொய்க்ஷைன் என்று சொல்லும் பதிவுச் சான்றைக் கையில் வாங்கி, 2.1 என்ற கட்டத்தைப் பாருங்கள். அங்கே 7909 என்று இருந்தால் உற்பத்தியாளர் எம் நிறுவனம். 0005 என்று இருந்தால் பிஎம்டபிள்யூ. அடுத்து, பி.1 (P.1) கட்டத்தில் எஞ்சின் கொள்ளளவு 3999 கன சென்டிமீட்டர் என்றும், பி.2 (P.2) கட்டத்தில் திறன் 309 கிலோவாட் என்றும் இருக்க வேண்டும். அதுதான் 420 குதிரைத்திறன் தரும் எட்டு சிலிண்டர் எஞ்சின். அந்த இடத்தில் 2979 என்று கண்டால் நீங்கள் நிற்பது வேறொரு காரின் முன்னால். புடைத்த பானெட்டையும் அகலமான மட்கார்டுகளையும் நான்கு புகைக்குழாய்களையும் யாரும் விலைக்கு வாங்கிப் பொருத்திவிடலாம். சான்றில் உள்ள எண்ணை அப்படி வாங்க முடியாது. சான்றின் எண்ணும் காரின் உலோகத்தில் பொறித்த எண்ணும் ஒன்றுதானா என்பதை மட்டும் நீங்களே குனிந்து பார்த்துவிடுங்கள். இது கையால் கட்டிய கார் என்று வணிகர் கதை சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். ரேகன்ஸ்புர்க் ஆலையில் மற்ற 3 வரிசைக் கார்களோடு உருவான கார் இது என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இனி எம்135ஐ. இதில் உங்கள் மைத்துனர் பாதி சரி, பாதி தவறு. இந்த ஒன்றைப் பற்றி என்னிடம் வாரந்தோறும் யாராவது கேட்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 2012 முதல் பிஎம்டபிள்யூ ஒரு நடுப்படியை விற்கிறது. அதில் எம் பொறியாளர்கள் சஸ்பென்ஷனையும் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் சீர்படுத்தியிருப்பார்கள்; பெயரிலும் எம் என்ற எழுத்து இருக்கும்; ஆனால் காரும் எஞ்சினும் தாய் நிறுவனத்துடையவை. எம்135ஐ அந்தப் படியைச் சேர்ந்தது. 235 கிலோவாட், அதாவது 320 குதிரைத்திறன் தரும் அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின், தாய் நிறுவனத்தின் மற்றக் கார்களிலும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் எண் ‘டபிள்யூ-பி-ஏ’ என்று தொடங்கினாலும் அதைக் கண்டு யாரும் உங்களை ஏமாற்றிவிட்டதாகப் பதற வேண்டாம். அதற்கும் கீழே, வெறும் ‘எம் ஸ்போர்ட் பாக்கெட்’ வாங்கிய டீசல் கார் இருக்கிறதே, அதில் எம் என்பது பெரும்பாலும் பம்பரும் சக்கரமும் ஸ்டியரிங் வளையமும் கொஞ்சம் இறுக்கமான சஸ்பென்ஷனும்தான். மூன்றுக்கும் சின்னம் கிட்டத்தட்ட ஒன்றாகத் தெரியும்படி விற்பது நிறுவனத்தின் சாமர்த்தியம். ஐம்பதாம் ஆண்டையொட்டி 2022இல் பழைய பந்தயச் சின்னத்தை ஸ்போர்ட் பாக்கெட் கார்களுக்கும் கொடுத்து, இருந்த தெளிவையும் கெடுத்தார்கள்.

இப்போது அந்த வாசகத்துக்கு வருவோம். வணிகர் தம் பெயரில் விற்றால், தனிநபரான உங்களுக்குச் சட்டப்படி குறைபாட்டுப் பொறுப்பு ஏற்க வேண்டும். பழைய கார் என்பதால் அதை ஓராண்டாகக் குறைக்கலாமே ஒழிய, அடியோடு நீக்க முடியாது. 2022 ஜனவரி முதல் அந்த முதல் ஓராண்டுக்குள் வெளிப்படும் குறை, விற்றபோதே இருந்ததாகவே கருதப்படும்; இல்லை என்று நிரூபிப்பது வணிகரின் பாடு. இந்தச் சுமையிலிருந்து தப்பக் கண்டுபிடித்த வழிதான் ‘இம் குண்டன்அவுஃப்ட்ராக்’, அதாவது உங்களிடம் சொன்ன அந்த ‘வாடிக்கையாளர் சார்பில்’. கார் வேறொரு தனிநபருடையது, நான் இடையில் நிற்பவன் மட்டுமே என்று வணிகர் சொல்வார். தனிநபர் குறைபாட்டுப் பொறுப்பை விலக்கி விற்கலாம் என்பதால், எஞ்சின் வெடித்தாலும் உங்களுக்குக் கேட்க ஆளில்லை. லாப நட்டம் உண்மையில் வணிகருடையதாக இருந்தால் நீதிமன்றம் இந்த வேடத்தை ஏற்காதுதான். ஆனால் அதை நிரூபிக்க வழக்கறிஞரும் பல மாதங்களும் உங்களுக்குச் செலவாகும். ஆகவே உரிமையாளரின் பெயர், வாகனப் ப்ரீஃப் என்னும் இரண்டாம் பதிவுச் சான்றில் கடைசியாக உள்ள பெயர், ஒப்பந்தத்தில் விற்பவராக எழுதப்படும் பெயர் மூன்றும் ஒன்றா என்று பாருங்கள். உரிமையாளரிடம் தொலைபேசியில் பேச வேண்டும் என்று கேளுங்கள். அவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்ற பதில் வந்தால் காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

1,08,000 என்ற எண்ணையும் நம்ப வேண்டாம். ஓடோமீட்டரைத் திருத்துவது இங்கே 2005 முதல் சிறைத்தண்டனைக்குரிய குற்றம்; இருந்தும் பக்கத்து பெல்ஜியத்தில் 2006 முதல் ஒவ்வொரு விற்பனைக்கும் கிலோமீட்டர் சான்று கட்டாயமாக இருக்கும்போது, நாலாயிரம் படிவங்களுக்குப் பேர்போன இந்த நாட்டில் அந்த ஒரு தாளுக்கு மட்டும் வழியில்லை. எனவே டியூவ் என்று நாம் சொல்லும் கட்டாய வாகனத் தகுதிப் பரிசோதனையின் அறிக்கைகளைக் கேளுங்கள். முதல் பரிசோதனை மூன்றாம் ஆண்டிலும் பிறகு இரண்டாண்டுக்கு ஒருமுறையும் நடக்கும் என்பதால், 2011 காருக்கு இதற்குள் ஐந்தாறு அறிக்கைகளாவது இருந்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும்.

எம்3இன் அந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டனைச் சுழல்தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங் தேய்வது தெரிந்த நோய். நிமிடத்துக்கு 8400 சுற்று வரை சுழலும் எஞ்சினுக்கு 10டபிள்யூ-60 என்ற கெட்டியான எண்ணெய். அது சூடேறும் முன்பே மிதித்து ஓட்டியவரின் பாவம் அடுத்த உரிமையாளர் தலையில் விழும். பலர் 1,00,000 கி.மீ. அளவில் முன்னெச்சரிக்கையாகவே பேரிங் மாற்றிவிடுகிறார்கள். மாற்றியதற்கான ரசீது இருந்தால் நல்லது. ‘மாற்றியாயிற்று’ என்ற வாய்ச்சொல் மட்டும் இருந்தால், மாற்றவில்லை என்று கொண்டு விலை பேசுங்கள். சட்டப்பொறுப்பு உள்ள வணிகரே விற்றாலும், இது குறைபாடல்ல, இயல்பான தேய்மானம் என்று அவர் வாதாட இடமுண்டு. கூடவே 2,000 கி.மீ.யில் செய்ய வேண்டிய முதல் எண்ணெய் மாற்றம் சேவைப் பதிவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதைக்கூட விட்டவர் வேறு எதைக் கவனித்திருப்பார்?

கையெழுத்துக்கு முன், 2.1, 2.2 கட்டங்களில் உள்ள எண்களைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து இரண்டு கார்களுக்கும் முழுக் காஸ்கோ (சொந்தக் காரின் சேதத்தையும் ஈடுசெய்யும் காப்பீடு) கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். எம்3 வேண்டாம் என்று என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் முடிவெடுத்தது அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான்.