கையை மட்டும் வரைந்தால் போதும்

கேள்வி: பழைய காமிக்ஸ் நாயகர்களை நீங்கள் வரைந்ததுண்டா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வரையாமலா! 1972இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிதான் நம்ம ஆள். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும். இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும். முகம் வரைய வராத எனக்கு இதைவிட வசதி வேறென்ன? ஆனால் அந்த விரல் கணுக்கள் இருக்கே, உயிரை வாங்கிவிடும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போனதும், நாங்கள் குடியிருந்த லயத்துச் சுவரில் அடுப்புக்கரியால் ஆரம்பிப்பேன். ஒருநாள் அவசரத்தில் ஆறு விரல் போட்டுவிட்டேன். அம்மா வாளியை இறக்கிவைத்துவிட்டு உற்றுப் பார்த்தார். "ஆறு விரலா? சம்பளம் எண்ணுற கிராணிக்கு ஆகும்டா!"

இன்னொரு காமிக்ஸ் நாயகரான வேதாளரைத் தொட்டதே இல்லை. உடம்போடு ஒட்டிய உடை. தசை தெரியாதவன் வரைந்தால் மூட்டை கட்டியதுபோல் இருக்கும். இப்போது பேரன் கேட்டாலும் கைதான். ஐந்து விரல், எண்ணிப் பார்த்து.