பி.சி.பி. கோஆர்டினேட்டர் பொறுப்பு: எங்கே தொடங்குவது, என்ன படிப்பது?

கேள்வி: சென்னை பெருங்குடியில், அமெரிக்க மருத்துவமனைகளுக்கு மெடிக்கல் பில்லிங் செய்துதரும் நிறுவனம் எங்களுடையது. சுமார் முந்நூறு பேர் வேலை பார்க்கிறோம், பாதிக்கு மேல் நைட் ஷிஃப்ட். நான் பி.காம். படித்துவிட்டு அட்மின் பிரிவில் எட்டு வருடமாக இருக்கிறேன். போன மாதம் கிளையன்ட் ஆடிட்டில் "உங்கள் பிசினஸ் கன்டின்யூட்டி கோஆர்டினேட்டர் யார்?" என்று கேட்டார்கள். மேலாளர் என் பெயரைச் சொல்லிவிட்டார். எனக்கு ஐ.டி. தெரியாது. இந்தப் பொறுப்பில் என்ன செய்ய வேண்டும்? கோர்ஸ் ஏதாவது படித்தே ஆக வேண்டுமா?
- வாசகி, சென்னை

பதில்: ஐ.டி. தெரியாது என்பதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம். பி.சி.பி. என்றால் பிசினஸ் கன்டின்யூட்டி பிளான், அதாவது எந்த இடையூறு வந்தாலும் நிறுவனத்தின் முக்கிய வேலைகள் நிற்காமல் நடக்க முன்கூட்டியே போட்டுவைக்கும் திட்டம். சர்வரை மீட்டுக் கொண்டுவருவது ஐ.டி. பிரிவின் வேலை. அதற்கு டிசாஸ்டர் ரெகவரி என்று தனிப் பெயரே இருக்கிறது. எந்த வேலை எத்தனை மணி நேரம் நின்றால் தாங்கும், அது மறுபடி ஓட யார், என்னென்ன தேவை, "இன்று ஆபீஸை மூடுகிறோம்" என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையெல்லாம் மழைக்கு முன்னாலேயே மற்றவர்களை உட்காரவைத்து முடிவெடுக்க வைப்பதுதான் உங்கள் வேலை. முடிவுகள் அவர்களுடையவை. அவற்றை எடுக்கவைப்பதும், எழுதிவைப்பதும், பழக்கிப் பார்ப்பதும் உங்களுடையவை. கேப் வென்டர், டீசல், பில்டிங் ஓனர், செக்யூரிட்டி என்று எட்டு வருடம் பார்த்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே கைவசம் இருக்கிறது.

பலரும் இந்தப் பிளானை "வெள்ளம் வந்தால், தீப்பிடித்தால், ஸ்டிரைக் நடந்தால்" என்று காரணம் காரணமாகப் பிரித்து எழுதத் தொடங்குகிறார்கள். அந்தப் பட்டியலுக்கு முடிவே கிடையாது. எது போய்விட்டது என்று பார்த்தால் நான்குதான் வரும்: இடம், ஆள், சிஸ்டம், வெளியே நாம் நம்பியிருக்கும் நிறுவனம். 2015 டிசம்பர் 2 அன்று தி ஹிந்து நாளிதழின் சென்னைப் பதிப்பு அச்சாகவில்லை. 1878-ல் தொடங்கிய பத்திரிகைக்கு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. மறைமலை நகரில் இருக்கும் அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததுதான் காரணம். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு அறிவித்த ஊரடங்கு நள்ளிரவிலேயே அமலுக்கு வந்தது. கட்டடம், கம்ப்யூட்டர், கரண்ட் எல்லாம் நன்றாக இருந்தன, உள்ளே போகத்தான் வழியில்லை.

உங்கள் தொழிலுக்கு மிக நெருக்கமான உதாரணம் 2024 பிப்ரவரி 21. அமெரிக்காவில் மருத்துவமனைகளின் கிளெய்ம்களை, அதாவது சிகிச்சைப் பணம் கேட்கும் விண்ணப்பங்களை, இன்சூரன்ஸ் நிறுவனங்களுக்குக் கைமாற்றிவிடும் மிகப் பெரிய கிளியரிங்ஹவுஸ்களில் ஒன்றான சேஞ்ச் ஹெல்த்கேர், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலால் தன் சிஸ்டம்களைத் துண்டித்துக்கொண்டது. பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு சரிபார்ப்பும் கேட்கும் மல்டி ஃபேக்டர் ஆதென்டிகேஷன் போடாத ஒரு ரிமோட் லாகின் வழியாக உள்ளே புகுந்தார்கள் என்று அதன் தாய் நிறுவனமான யுனைடெட்ஹெல்த் குழுமத்தின் தலைவர் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவிடமே சொன்னார். அந்த நாள்களில் சென்னையில் மழையும் இல்லை, பவர்கட்டும் இல்லை. ஆள்கள் ஷிஃப்டுக்கு வந்தார்கள். ஆனால் அதை நம்பியிருந்தவர்களின் கிளெய்ம்கள் வெளியே போகவில்லை, சேவைகள் முழுதாகத் திரும்ப மாதக்கணக்கில் ஆனது. வேறொரு கிளியரிங்ஹவுஸில் ஏற்கெனவே என்ரோல்மென்ட் முடித்து வைத்திருந்தவர்களால் மாற்றுவழியில் அனுப்ப முடிந்தது. அன்றைக்குத்தான் தேடத் தொடங்கியவர்கள், ஒவ்வொரு இன்சூரன்ஸாக ஒப்புதல் வரக் காத்திருந்தார்கள். உங்கள் பிளானில் வெளி நிறுவனங்களுக்கென்று ஒரு பக்கம் இல்லையென்றால் முதலில் அதை எழுதுங்கள்.

சரி, உண்மையான தொடக்கம் எங்கே? பி.ஐ.ஏ. என்று சொல்லும் பிசினஸ் இம்பாக்ட் அனாலிசிஸில். இதை ஒரு எக்செல் ஃபார்மாக்கி மெயிலில் அனுப்பாதீர்கள். அனுப்பினால் எல்லா டீம் லீடும் "எங்கள் வேலை மிக முக்கியம், நான்கு மணி நேரம்" என்று நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். எல்லாமே முக்கியம் என்று வந்தால் அந்தத் தாளால் எந்தப் பயனும் இல்லை. ஒவ்வொருவருடனும் முக்கால் மணி நேரம் நேரில் உட்காருங்கள். "உங்கள் வேலை முக்கியமா?" என்று கேட்காமல், "இன்று இரவு உங்கள் டீம் வரவில்லை. நாளைக் காலை அமெரிக்காவில் யாருக்கு, எத்தனை மணிக்கு, என்ன நடக்கும்?" என்று கேளுங்கள்.

பதில்கள் மாறுவதைக் கவனிப்பீர்கள். எலிஜிபிலிட்டி வெரிஃபிகேஷன் டீமிடம் கேட்டால், நாளை அப்பாயின்ட்மென்ட்டுக்கு வரும் நோயாளியின் இன்சூரன்ஸ் செல்லுமா என்று தெரியாமல் ஃப்ரன்ட் டெஸ்கில் திண்டாடுவார்கள் என்பார்கள். பிரையர் ஆதரைசேஷன் வாங்குபவர் இன்னும் கூர்மையாகச் சொல்வார்: ஒப்புதல் வராமல் ஒருவருடைய அறுவைசிகிச்சையே தள்ளிப்போகலாம். இவை சில மணி நேரக் கணக்கு. சிகிச்சைக் கட்டணங்களைப் பதியும் சார்ஜ் என்ட்ரி பெரும்பாலும் ஓரிரு நாள் தாங்கும். வந்த பணத்தை வரவு வைக்கும் பேமென்ட் போஸ்டிங், மாதக் கடைசி தவிர, இன்னும் சில நாள் பொறுக்கும். கிளெய்ம் தாக்கலில், முதியோருக்கான அமெரிக்க அரசு இன்சூரன்ஸான மெடிகேருக்கு சிகிச்சை நாளிலிருந்து ஒரு வருடக் கெடு, சில தனியார் இன்சூரன்ஸ்களில் 90 நாள்தான். அதனால் மறுக்கப்பட்ட கிளெய்ம்களைப் பார்க்கும் டினையல், அப்பீல் டீமிடம் சராசரியைக் கேட்காதீர்கள். இந்த வாரம் கெடு முடியும் ஃபைல்கள் எவை என்ற பட்டியல் எங்கே இருக்கிறது, சிஸ்டம் போனாலும் அது கைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இப்படிக் கிடைக்கும் நேரத்துக்குத்தான் ஆர்.டி.ஓ. என்று பெயர், அதாவது அந்த வேலை எவ்வளவு நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும் என்ற இலக்கு. ஆர்.பி.ஓ. என்பது தரவுக் கணக்கு. கடைசி பேக்கப்புக்கும் கோளாறுக்கும் நடுவே எத்தனை மணி நேர என்ட்ரி அழிந்தால் மறுபடி உட்கார்ந்து செய்துவிட முடியும் என்பது. டீம் சொல்லும் நேரத்தையும் ஐ.டி. தரமுடியும் என்று சொல்லும் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடங்களை மேலிடத்துக்குக் கொண்டுபோங்கள். அங்கே பணம் போடுவதா, அந்த ஆபத்தை ஏற்றுக்கொள்வதா என்று முடிவெடுப்பது அவர்கள் பொறுப்பு. இந்த ஒன்றைச் செய்தாலே உங்கள் பதவிக்கு அர்த்தம் வந்துவிடும்.

காலண்டரையும் மறக்காதீர்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 2015 வெள்ளம், 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மூன்றுமே டிசம்பர் முதல் இரண்டு வாரங்களில் வந்தவை. அமெரிக்காவில் ஜனவரி 1 அன்று ஏராளமான இன்சூரன்ஸ் பிளான்கள் புதுப்பிக்கப்பட்டு, நோயாளி முதலில் தன் கையிலிருந்து கட்டவேண்டிய தொகையான டிடக்டிபிள் புதிதாகத் தொடங்குவதால், எலிஜிபிலிட்டி வேலை மலைபோல் குவிவதும் அதை ஒட்டித்தான். உங்கள் நிறுவனத்தின் மோசமான மாதமும் ஊரின் மோசமான மாதமும் தோளோடு தோள் உரசிக்கொண்டு நிற்கின்றன. ஒத்திகையை செப்டம்பருக்குள் முடித்துவிடுங்கள்.

"வெள்ளம் வந்தால் எல்லோரும் வொர்க் ஃப்ரம் ஹோம்" என்று ஒரு வரியில் முடித்துவிடும் பிளான்களை நிறையப் பார்க்கிறேன். இது எனக்கு உண்மையாகவே கவலை தருகிறது. ஆபீஸ் பெருங்குடியில், ஆள்கள் வேளச்சேரி, பள்ளிக்கரணை, மேடவாக்கம், முடிச்சூர் பக்கம். மிக்ஜாமின்போது இந்தப் பக்கத்தில் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, நெட் இல்லை. ஆபீஸை மூழ்கடிக்கும் தண்ணீர் வீட்டையும் விட்டுவைக்காது. ஆகவே உங்கள் ஆள் பட்டியலில் இரண்டு நெடுவரிசைகளைச் சேருங்கள்: வீடு இருக்கும் பகுதி, இன்வெர்ட்டரும் பிராட்பேண்டும் உண்டா என்பது. சில மணி நேரமே தாங்கும் வேலைகளைச் செய்யத் தெரிந்தவர்களில் பத்துப் பேராவது சென்னைக்கு வெளியே இருக்கவேண்டும், அல்லது ரெட் அலர்ட் வந்ததும் லேப்டாப்போடு கோவைக்கோ திருச்சிக்கோ சொந்த ஊருக்கோ கிளம்பத் தயாராக இருக்கவேண்டும். அந்தப் பயணச் செலவுக்கு முன்கூட்டியே ஒப்புதல் வாங்கிவையுங்கள். ரயில் நின்றபிறகு வாங்கிப் பலனில்லை. நோயாளிகளின் தகவல் என்பதால் வி.பி.என். என்ற பாதுகாப்பான இணைப்பு, தரவைப் பூட்டிவைக்கும் டிஸ்க் என்கிரிப்ஷன், வீட்டில் பிரின்ட் எடுக்கத் தடை எல்லாம் அந்த லேப்டாப்பில் அதற்கு முன்பே இருக்கவேண்டும்.

ஒத்திகைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. டேபிள்டாப் என்பார்கள். டீம் லீடுகள், ஐ.டி., எச்.ஆர்., டிரான்ஸ்போர்ட் எல்லோரையும் ஒரு மேசையில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்து ஒரு கதையைச் சொல்லுங்கள். இப்படி: செவ்வாய்க்கிழமை இரவு 8 மணி. ரேடியல் ரோட்டில் முழங்கால் தண்ணீர். 90 பேர் உள்ளே, 40 பேர் கேப் வண்டியில் வழியில். மின்சாரம் போய்விட்டது, டீசல் ஆறு மணி நேரத்துக்கு. மேலாளர் விமானத்தில் இருக்கிறார், போன் எடுக்கமாட்டார். கேப் வண்டியில் இருப்பவர்களைத் திருப்பி அனுப்புவதா, யார் சொல்வது? உள்ளே இருப்பவர்களுக்கு இரவுச் சாப்பாடு, தண்ணீர், பெண்களுக்குத் தங்குமிடம்? கிளையன்ட்டுக்கு எத்தனை மணிக்குள் சொல்லவேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது? அரை மணி நேரம் கழித்து இன்னொரு சீட்டைக் கொடுங்கள்: பேஸ்மென்ட்டில் தண்ணீர் ஏறுகிறது, ஜெனரேட்டர் அங்கேதான் இருக்கிறது.

அந்த இரண்டு மணி நேரத்தில் வரும் மௌனங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். "அது அவர் பார்ப்பார் என்று நினைத்தேன்" என்று இரண்டு பேர் சொன்னால் அங்கே ஓட்டை இருக்கிறது. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. ஒரு வாரத்துக்குள் குறிப்பை அனுப்பிவிடுங்கள். ஆடிட்டர் கேட்கும் சான்றும் அதுதான்.

அதோடு வருடத்துக்கு இரண்டு முறை கால் ட்ரீயை, அதாவது ஒருவர் அடுத்தவர்களை அழைத்துத் தகவல் சொல்லும் சங்கிலியை, சொல்லாமல் ஒரு ஞாயிறு மாலை இயக்கிப் பாருங்கள். மாறிப்போன நம்பர்கள் அன்றைக்குத்தான் தெரியவரும். பிளான் ஷேர்டு டிரைவில் மட்டும் இருந்தால் டிரைவ் போகும் நாளில் அதுவும் போய்விடும். முக்கியமானவர்களின் போனில் ஒரு பிரதி, வீட்டில் ஒரு அச்சுப்பிரதி இருக்கட்டும்.

உண்மையான நெருக்கடி நாளில் நீங்கள் தளபதி இல்லை. கிரைசிஸ் டீம் தலைவர் முடிவெடுப்பார். நீங்கள் பக்கத்தில் இருந்து ஆள்களைத் திரட்டி, எத்தனை மணிக்கு என்ன தெரிந்தது, யார் என்ன முடிவு எடுத்தார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கிளையன்ட்டும் இன்சூரன்ஸ்காரரும் பின்னால் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் அந்த நோட்டு பதில் சொல்லும். சைபர் சம்பவமாக இருந்தால் நேரம் இன்னும் முக்கியம். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, அது குறிப்பிடும் வகைச் சம்பவங்களை அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும்.

இனி படிப்பு. பட்டம் கட்டாயமில்லை, ஆனால் படிக்கத்தான் வேண்டும். இந்தத் துறையின் பொதுத் தரநிலை ஐ.எஸ்.ஓ. 22301. 2012-ல் வந்து 2019-ல் திருத்தப்பட்டது. முக்கியமாக இரண்டு சர்வதேச அமைப்புகள் சான்றிதழ் தருகின்றன. பிரிட்டனின் பி.சி.ஐ. நடத்தும் சி.பி.சி.ஐ. தேர்வு, அவர்களுடைய நல்நடைமுறைக் கையேட்டை வைத்து நடக்கிறது. அமெரிக்காவின் டி.ஆர்.ஐ. இன்டர்நேஷனலில் புதியவர்களுக்கு ஏ.பி.சி.பி., இரண்டு வருடத்துக்கு மேல் அனுபவம் காட்டக்கூடியவர்களுக்கு சி.பி.சி.பி. உங்கள் கிளையன்ட்கள் அமெரிக்கர்கள் என்பதால் டி.ஆர்.ஐ. பெயர் அவர்களுக்குப் பழக்கமாக இருக்கும். லீட் ஆடிட்டர் கோர்ஸில் சேரச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் இப்போது வேண்டாம். அது தணிக்கை செய்பவருக்கான பயிற்சி. முதலில் ஒரு பி.ஐ.ஏ.யும் ஒரு டேபிள்டாப்பும் உங்கள் கையால் நடத்துங்கள், அப்புறம் தேர்வு எழுதுங்கள். செய்து பார்த்தவருக்குப் பாடம் சீக்கிரம் ஏறும்.

காசில்லாமல் படிக்கவும் இருக்கிறது. அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட 800-34 என்ற வழிகாட்டியில் பி.ஐ.ஏ. மாதிரிப் படிவம் உண்டு, ஆங்கிலம் கொஞ்சம் வறண்டிருந்தாலும் பொறுமையாகப் படியுங்கள். அதைவிட அவசரமானது, நோயாளிகளின் தகவலைக் காக்கும் அமெரிக்கச் சட்டமான ஹிப்பாவின் பாதுகாப்பு விதியில் 164.308 பிரிவில் கன்டின்ஜென்சி பிளான் பற்றிய பகுதி. ஒரு பக்கம்கூட வராது. பேக்கப் பிளான், டிசாஸ்டர் ரெகவரி பிளான், அவசர நிலையில் வேலை நடத்தும் பிளான் மூன்றும் கட்டாயம் என்கிறது. நோயாளிகளின் தகவலைக் கையாளும் பிசினஸ் அசோசியேட் என்ற வகையில் உங்கள் நிறுவனமும் இதன் கீழ் வரும். ஆடிட்டர் உங்கள் பெயரைக் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பொறுப்பை ஏற்கும் முன் மேலாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். டீம் லீடுகளை அழைத்துப் பேசவும் தகவல் கேட்கவும் உங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தலைமையிடமிருந்து ஒரு மெயில். வாரத்தில் ஒரு நாளாவது இந்த வேலைக்கென்று ஒதுக்கிய நேரம், அட்மின் வேலையோடு ஓசியில் சேர்த்துக்கொள்ள முடியாது. அப்புறம், நீங்கள் விடுப்பில் இருக்கும் நாளில் இதே வேலையைப் பார்க்கப் பழகிய இன்னொருவர், முடிந்தால் வேறு பகுதியில் வீடு இருப்பவர்.