முதல் மாதத்துக்கு எத்தனை குறிகள்? – கடிதம்

வணக்கம் ஐயா,

மாரத்தஹள்ளியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலைகளில் எங்கள் அபார்ட்மென்ட் பிள்ளைகள் ஐந்து பேருக்கு ஏபிஎல் (சொற்களுக்குப் பதில் தனிக் குறிகளை வைத்து எழுதும் கணினி மொழி) சொல்லித் தருகிறேன். எட்டாவது, ஒன்பதாவது படிக்கிறவர்கள். எல்லோரும் பைத்தானில்தான் ஆரம்பிக்கிறார்கள், நாம் வேறு வழியில் போய்ப் பார்ப்போமே என்று ஓர் ஆசை. 40 குறிகளைச் சார்ட்டில் எழுதி மாட்டி, வாரத்துக்கு எட்டு வீதம் நடத்தினேன். மூன்றாவது வாரம் வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒரு பெண், "அங்கிள், இது எழுத்தா, படமா?" என்று கேட்டாள். எந்தக் குறிகளை முதலில் எடுப்பது? எத்தனை? பேசாமல் குறிகளுக்குப் பதில் தமிழ்ச் சொற்களை வைத்துவிடலாமா?

– ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள நண்பருக்கு,

எட்டு எட்டாக நடத்தியும் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள் என்றால் நீங்கள் நல்ல வாத்தியார்தான்.

நான் முதன்முதலில் பெங்களூருக்கு வந்தபோது அல்சூரில் தங்கியிருந்தேன். கன்னடம் கற்க ஒரு புத்தகம் வாங்கினேன். அதில் முதல் பாடம் விலங்குகள், இரண்டாவது நிறங்கள். யானை, ஒட்டகம், ஊதா எல்லாம் மனப்பாடம். ஆனால் மார்க்கெட்டில் வாய் திறக்க முடியவில்லை. யானையை வைத்துக்கொண்டு அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்பது எப்படி? கடைசியில் வீட்டுக்காரர் பையன்தான் ஐந்து சொற்கள் கொடுத்தான்: பேக்கு, பேடா, எஷ்டு, சாக்கு, இன்னொந்து. வேண்டும், வேண்டாம், எவ்வளவு, போதும், இன்னும் ஒன்று. (நம் ஊரில் யாரையாவது பேக்கு என்றால் சண்டை வரும். இங்கே அது இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாது.) அந்த ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். "எஷ்டு பேக்கு?" "சாக்கு, இன்னொந்து பேடா." அன்று மாலையே நான் பேச ஆரம்பித்துவிட்டேன்.

உங்கள் சார்ட்டில் இருப்பவை பெரும்பாலும் யானையும் ஒட்டகமும். எந்தக் குறி எளிது, எது அடிக்கடி வரும் என்று பார்த்துத் தேர்ந்திருப்பீர்கள். எது எதோடு ஒட்டும் என்று பாருங்கள்.

என் கணக்கு இது. + - × ÷ நான்கும் < = > மூன்றும் பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே தெரியும். புதிதாக ஏழு கொடுங்கள்: பெரியதை எடுக்க ⌈, சிறியதை எடுக்க ⌊, எண்ணிக்கொடுக்க ⍳, அடுக்கிவைக்க ⍴, அப்புறம் / \ ∘. என்ற மூன்று. முதல் மாதத்துக்கு இவ்வளவுதான்.

கடைசி மூன்றில்தான் விஷயமே இருக்கிறது. அவை தனியாக ஒன்றும் செய்யாது, வேறொரு குறியோடு சேர்ந்தால்தான் வேலை. இந்த மொழியை உருவாக்கிய கென்னத் ஐவர்சன், ரோஜர் ஹுயியோடு சேர்ந்து 1990-இல் ஜே மொழியைக் கொண்டுவந்தபோது, இப்படிப்பட்டவற்றுக்கு இலக்கணத்திலிருந்தே பெயர் எடுத்தார். கூட்டல், பெருக்கல் எல்லாம் வினை. வினையை மாற்றுவது வினையடை. ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கு அது சரி. நமக்கு இன்னும் நல்ல பெயர் கையிலேயே இருக்கிறது: துணைவினை. கூட்டு என்பது வினை. கூட்டிக்கொண்டே போ என்றால் +/ வந்துவிட்டது. தமிழில் துணைவினை பின்னால் ஒட்டுவது போலவே, அந்தச் சாய்கோடும் + குறிக்குப் பின்னால்தான் ஒட்டுகிறது. +\ என்றால் கூட்டிக்கொண்டே போ, ஒவ்வொரு படியிலும் எவ்வளவு ஆயிற்று என்று சொல்லிக்கொண்டே போ.

பிள்ளைகளிடம் ஐந்து நாள் ஆட்டோ செலவைக் கேளுங்கள். 40 25 60 30 45 என்று வைத்துக்கொள்வோம்.

+/40 25 60 30 45 என்றால் 200.
⌈/40 25 60 30 45 என்றால் 60.
+\40 25 60 30 45 என்றால் 40 65 125 155 200.
+/35<40 25 60 30 45 என்றால் 3.

நான்காவது வரியில் கொஞ்சம் நில்லுங்கள். 35-ஐ விடப் பெரியதா என்று கேட்டால் விடை 1 0 1 0 1. ஆம் என்பது 1, இல்லை என்பது 0. அதைக் கூட்டினால் எத்தனை நாள் என்று வந்துவிடுகிறது. எண்ணுவதற்கென்று தனிக் குறி தேவைப்படவில்லை பாருங்கள். பழைய இரண்டே சேர்ந்து மூன்றாவது வேலையைச் செய்துவிட்டன. ஐவர்சன் 1979-இல் கணினித் துறையின் பெரிய விருதான டூரிங் விருது பெற்றபோது ஆற்றிய உரையில் நல்ல குறிமுறையின் குணங்களில் ஒன்றாகச் சிக்கனத்தைச் சொன்னார்: குறைந்த சொற்களில் நிறைய எண்ணங்களைச் சொல்ல முடிய வேண்டும். இந்த ஒரு வரியில் பிள்ளைகளுக்கு அது பிடிபட்டுவிடும்.

∘. இன்னும் வேடிக்கையானது. இடப்பக்க எண் ஒவ்வொன்றையும் வலப்பக்க எண் ஒவ்வொன்றோடும் சேர்த்துப் பார்க்கும். ⍳10 என்றால் 1 முதல் 10 வரை. (⍳10)∘.×⍳10 என்று அடித்தால் பத்தாம் வாய்ப்பாடு வரை முழுசாகத் திரையில் வந்து நிற்கும். × இருக்கும் இடத்தில் = போடச் சொல்லுங்கள், மூலைவிட்டத்தில் மட்டும் 1 தெரியும். < போட்டால் முக்கோணம். ⌈ போட்டால் என்ன வரும் என்று நீங்கள் சொல்லவே கூடாது.

சரி, எதையெல்லாம் ஒதுக்குவது? முக்கியமாக ⍋. இது வரிசைப்படுத்தும் குறி என்று சார்ட்டில் எழுதியிருப்பீர்கள். அந்த ஆட்டோ செலவுக்கு இதைப் போட்டால் 2 4 1 5 3 என்று வரும். 25 30 40 என்று எதிர்பார்க்கிற பிள்ளை முகத்தைச் சுளிக்கும். அது தருவது செலவை அல்ல, எந்தெந்த நாள் என்ற வரிசையை: குறைந்த செலவு இரண்டாம் நாள், அடுத்தது நான்காம் நாள். அருமையான யோசனைதான், ஆனால் "எந்த நாளில்?" என்று பிள்ளைகளே கேட்கும்வரை உள்ளே வைத்திருங்கள்.

இன்னொரு பொறி, ஒரே குறிக்கு இரண்டு பொருள். ⌈ இரண்டு எண்களுக்கு நடுவே வந்தால் பெரியது எது என்று சொல்லும். ஒரே எண்ணுக்கு முன்னால் வந்தால் பின்னத்தை மேலே தூக்கி முழு எண்ணாக்கும். முதல் மாதம் ஒரு பொருள் மட்டும் போதும். / இன்னும் மோசம். 1 0 1 0 1/40 25 60 30 45 என்று எழுதினால் அது கூட்டாது, சலித்து 40 60 45-ஐ மட்டும் கொடுக்கும். பெரியவர்களே தடுமாறுகிற இடம் இது. ஜே மொழியில் சலிப்பதற்கு # என்று தனிக் குறி வைத்துப் பிரித்துவிட்டார்கள்.

⌽ ⊖ ⍉ மூன்றையும் ஒரு நாள் பரிசாகக் கொடுக்கலாம். வட்டத்துக்குள் இருக்கிற கோடுதான் கண்ணாடி. நின்ற கோட்டில் இடம் வலம் மாறும், படுத்த கோட்டில் மேல் கீழ் மாறும், சாய்ந்த கோட்டில் நிரை நிரலாகும். அந்தக் காலத்து ஐபிஎம் தட்டச்சு முனையத்தில் வட்டத்தை அடித்து, ஓரெழுத்து பின்னால் போய், அதன் மேலேயே கோட்டை அடிப்பார்கள். எழுத்தா படமா என்று கேட்ட அந்தப் பெண்ணிடம் இதைக் காட்டுங்கள். அவள் கேட்டது சரியான கேள்வி.

தமிழ்ச் சொற்களை வைத்துவிடலாமா என்று கேட்டீர்கள். எழுதுவதற்கு வேண்டாம். மேலே உள்ள நான்கு வரிகளைச் சொற்களில் எழுதிப் பாருங்கள், ஒன்றின் கீழ் ஒன்று வைத்து ஒப்பிட முடியாது. ஆனால் வாய்விட்டுப் படிப்பது தமிழில்தான் இருக்க வேண்டும். இந்த மொழி வலமிருந்து இடமாக வேலை செய்கிறது. ஆங்கிலத்தில் அது தலைகீழ், நமக்கு அப்படி இல்லை. +/⍳10 என்பதில், +/ ஒரே சொல் என்று வைத்துக்கொண்டு வலமிருந்து படியுங்கள்: "10 வரை எண்ணி, கூட்டிக்கொண்டே போ." நம் வாக்கியத்திலும் வினை கடைசியில்தானே வருகிறது!

ஒரு ஞாயிற்றுக்கிழமையை மட்டும் சண்டைக்கென்று ஒதுக்கி வையுங்கள். 3×2+5 போட்டால் 21 என்று வரும், பள்ளிக்கூடக் கணக்கில் 11. கணக்கு மிஸ் சொன்னது தப்பா என்று கேட்பார்கள். அன்றைக்கு பிஸ்கட் கொஞ்சம் அதிகமாக வாங்கிப் போங்கள்.