பனியில் ஓட்ட ஒன்றரை லட்சத்துக்கு சைக்கிளா?

கேள்வி: பாலக்கோட்டில் தக்காளி விவசாயம் செய்கிறேன். மகள் ஆகஸ்டில் ஃபின்லாந்தின் ஓலு நகருக்கு மேற்படிப்புக்குப் போகிறாள். அங்கே பனிக்காலத்திலும் சைக்கிள்தானாம். அகல டயர் வைத்த 'ஃபேட் பைக்' வேண்டும், ஒன்றரை லட்சம் ஆகும் என்கிறாள். மனைவியின் வளையல்களை அடகுக்கடையில் நூற்றுக்கு 2 ரூபாய் மாத வட்டிக்கு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள் ஐயா. மாதம் 3,000, வருடத்துக்கு 36,000 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அந்த வட்டிப் பணத்திலேயே அங்கு ஒரு பழைய சைக்கிளும் பனி டயரும் வாங்கலாம். தக்காளி விலை விழுந்தாலும் வட்டி விழாது, உங்களுக்குத் தெரியாததா!

சைக்கிள் வேண்டும் என்று மகள் கேட்பது நியாயம்தான். குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடே 2013-ல் ஓலுவில்தான் நடந்தது. ஆனால் ஃபேட் பைக் புதைபனிக்கானது. நாலு அங்குல டயரில் காற்றைக் குறைத்து ஓட்டினால் மெத்துப்பனியில் அமிழாது. கல்லூரிக்குப் போகும் பாதையிலோ பனியை வண்டி வைத்துத் தள்ளிவிடுவார்கள். மிஞ்சுவது இறுகிய பனி, உருகி மறுபடி உறைந்த ஐஸ். ஐஸில் எவ்வளவு அகல ரப்பரும் வழுக்கும். அங்கே பிடிப்பு தருவது ஆணி டயர்: ரப்பருக்கு வெளியே ஓரிரு மில்லிமீட்டர் மட்டும் துருத்தும் கார்பைடு (மிகக் கடினமான உலோகச் சேர்மம்) முனைகள். சாதாரண சைக்கிளிலேயே மாட்டலாம்.

பழைய சைக்கிள் 150-200 யூரோ, ஆணி டயர் ஜோடி 100-130 யூரோ என்று ஒதுக்குங்கள். யூரோ சுமார் 100 ரூபாய் என்றால் 33,000-க்குள் முடியும். அதுவும் ஒரே நாளில் வேண்டியதில்லை. போனதும் சைக்கிள், பனி விழுவதற்கு முன் அக்டோபரில் டயர். கை இறுக்கமாக இருந்தால் முதலில் முன் சக்கரத்துக்கு மட்டும் வாங்கட்டும். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் விழுவதுதான்.

பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக் உள்ள சைக்கிள் கிடைத்தால் நல்லது; உறைந்துபோக அதில் கேபிள் இல்லை. டிசம்பரில் பகல் நாலு மணி நேரம்கூட இராது, விளக்குக்கும் கொஞ்சம் பணம் வேண்டும். டயர் வாங்குமுன் பழைய டயரின் பக்கவாட்டில் உள்ள அளவு எண்ணை (40-622 என்பது போல) குறித்துக்கொள்ளட்டும். மாட்டியதும் ஆணிகள் மட்கார்டில் உரசாமல் சுற்றுகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடச் சொல்லுங்கள்.