நடிகர்களும் விளையாட்டு வீரர்களும் மதத்தைப் பொதுவெளிக்குக் கொண்டு வரலாமா?

கொண்டு வரலாம். என் பதில் அவ்வளவுதான். இதோடு நிறுத்தினால் கீழே வந்து சண்டை பிடிப்பீர்கள் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுமை இருப்பவர்கள் படிக்கலாம்.

கேட்டவர் கேள்வியோடு ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "சாமி கும்பிடுவதெல்லாம் வீட்டோடு இருக்கட்டுமே, காசு கொடுத்துப் பார்க்க வந்தவனுக்கு அது எதற்கு?" இந்த வரிதான் என்னை எழுத வைத்தது. நான் வேலூர்க்காரன். இப்போது கொசப்பேட்டையில் சின்னதாக ஒரு அச்சகம் வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால், தொண்ணூறுகளின் நடுவில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் பேட் வாசித்தேன். எங்களுக்குச் சோறு போட்டதே சாமிதான். வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, அதையொட்டிச் சுற்றுப்பட்டு ஊர்களில் கச்சேரி. ஆடி பிறந்தால் தெருவுக்குத் தெரு கூழ் வார்த்தல், ஞாயிறு ராத்திரி ஒன்றுக்கு இரண்டு இடத்தில் மேடை. ஆற்காடு பக்கம் சந்தனக்கூடு. டிசம்பரில் காட்பாடி பக்கம் கிறிஸ்துமஸ் விழா. இதில் எதை வீட்டோடு வைத்துக்கொள்வது?

அந்தக் காலக் கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும், எந்த ஊராக இருந்தாலும் முதல் மூன்று பாட்டு சாமிக்கு. ஒரு பிள்ளையார் பாட்டு, ஒரு இயேசு பாட்டு, ஒரு நாகூர் ஹனிபா பாட்டு. கல்யாண வரவேற்பு, காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் இதே வரிசைதான். மூன்றும் முடிந்த பிறகுதான் சினிமாப் பாட்டு, பத்து மணிக்கு மேல் குத்துப் பாட்டு. யாரும் இதை மத நல்லிணக்கம் என்றெல்லாம் பெயர் வைத்துச் சொல்லவில்லை, வழக்கம், அவ்வளவுதான்.

எங்கள் மாஸ்டர் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். "பாட்டுல எந்தச் சாமி வேணா வரட்டும். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல பிரசங்கம் பண்ணாத." ஒருமுறை புதிதாக வந்த பாடகர் ஒருவர், இயேசு பாட்டை முடித்த கையோடு தனக்கு மஞ்சள் காமாலை குணமான கதையைச் சாட்சியாகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ஐந்து நிமிடம் ஆயிற்று. காதுகுத்துக்கு வந்த சனம் பந்தி பக்கம் எழுந்து போக ஆரம்பித்தது. மாஸ்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார், நான் பேடில் ஒரு நீள உருட்டு உருட்டிவிட்டேன், சாட்சி அதில் மூழ்கிப் போனது. இன்னொரு முறை அம்மன் திருவிழாவில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஒருவர் நம்ம சாமி உசத்தி, அவங்க சாமி மட்டம் என்று ஆரம்பித்தார். அவருக்கும் அதே உருட்டுதான். அடுத்த கச்சேரிக்கு அவரைக் கூப்பிடவில்லை.

இன்றைக்கும் இந்த மாதிரிச் செய்தி எது வந்தாலும் நான் மாஸ்டரின் தராசில்தான் நிறுத்துப் பார்க்கிறேன். 2025 அக்டோபர் 30, நவி மும்பையில் பெண்கள் உலகக் கோப்பை அரையிறுதி. ஆஸ்திரேலியா வைத்த 339 ரன் இலக்கைத் துரத்தி ஜெமிமா ரோட்ரிக்ஸ் 127 நாட் அவுட். ஆட்டம் முடிந்ததும் அழுதுகொண்டே இயேசுவுக்கு நன்றி, என்னால் தனியாக இதைச் செய்திருக்க முடியாது என்கிற மாதிரி சொன்னார். அன்று ராத்திரியே ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது. அந்தப் பெண் யாரையாவது ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு வா என்று கூப்பிட்டதா? தன் கதையைத் தன் வாயால் சொன்னது. இதே மைக்கில் எத்தனையோ பேர் "கடவுளுக்கு நன்றி" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகிறார்கள், ஒருவருக்கும் வலிப்பதில்லை. கடவுளுக்கு ஒரு பெயர் வந்து, அது நம் வீட்டுப் பெயராகவும் இல்லாவிட்டால்தான் வலிக்கிறது.

ரஹ்மான் 2009இல் ஆஸ்கர் மேடையில் "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்று தமிழில் சொன்னார். அவர் மதம் என்ன என்று ஊருக்கே தெரியும், அதை அவர் ஒருநாளும் மறைத்ததும் இல்லை. ஆனாலும் அந்த 'இறைவன்' என்ற சொல்லுக்குள் யாரும் தன் சாமியை உட்கார வைத்துக்கொள்ளலாம். எங்கள் தெருவில் பிள்ளையார் கோயில் பூசாரி உட்பட எல்லோரும் கைதட்டினோம். தமிழில் அந்தச் சொல் இருப்பது ஒரு வசதி.

இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள். 2021 டி20 உலகக் கோப்பை, துபாய், இந்தியாவைப் பாகிஸ்தான் பத்து விக்கெட்டில் அடித்த அதே ஆட்டம். பாகிஸ்தானின் ரிஸ்வான் இடைவேளையில் மைதானத்திலேயே தொழுதார். தொழட்டும், அது அவர் தொழுகை. அப்புறம் வக்கார் யூனிஸ் டிவியில் உட்கார்ந்துகொண்டு, இந்துக்கள் நடுவில் நின்று தொழுததுதான் தனக்கு விசேஷம் என்றார். அங்கேதான் கெட்டது. தொழுதவன் தன் இறைவனைப் பார்த்தான், பேசியவர் அடுத்தவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரே மன்னிப்பும் கேட்டார். தென்னாப்பிரிக்காவின் ஹாஷிம் ஆம்லா பீர் கம்பெனி சின்னத்தைத் தன் சட்டையில் மட்டும் வேண்டாம் என்றார், கூட ஆடினவர்கள் சட்டையில் அது இருந்தது, அவர்களைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆஸ்திரேலிய ரக்பி வீரர் இஸ்ரேல் ஃபொலாவ் 2019இல் ஓரினச் சேர்க்கையாளர், குடிகாரர் என்று ஒரு பட்டியலே போட்டு எல்லோருக்கும் நரகம் என்று எழுதினார், ஒப்பந்தம் போய்விட்டது. ஆம்லாவுக்கு மாஸ்டர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார். ஃபொலாவுக்கு என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டியிருப்பார்.

இந்தத் தராசில் நிற்காத ஆளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். முகமது அலி. 1964இல் சோனி லிஸ்டனை அடித்துச் சாம்பியன் ஆன மறுநாளே தன் புது மதத்தை அறிவித்தார், சில நாளில் பெயரும் மாறியது. அப்புறம் அவர் செய்ததெல்லாம் பிரசங்கம்தான், அந்தக் காலத்தில் பேசிய சிலது எனக்கு ஒப்பாது. ஆனால் 1967இல் மதத்தின் பேரில் வியட்நாம் போருக்குப் போக மாட்டேன் என்றதற்காகப் பட்டத்தைப் பறித்தார்கள், உடம்பு உச்சத்தில் இருந்த மூன்று வருடத்துக்கு மேல் குத்துச்சண்டையே இல்லை, 1971இல்தான் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. சொன்னதற்கு விலையைத் தானே கொடுத்தவனிடம் போய் நடுவில் உருட்டு உருட்ட எனக்குக் கை வராது. அதே மாதிரிதான் நம்மூர் எம்.ஆர். ராதா. நாடக மேடையில் சாமியையும் சாமியாரையும் கிழித்துத் தொங்கவிட்டவர், அதற்கு வழக்கும் தடையும் பார்த்தவர். பக்தியைப் பேசினால் பிரசங்கம், பகுத்தறிவைப் பேசினால் கலை என்று பிரித்துச் சொன்னால் அது என் கட்சிப் பற்றாகத்தான் இருக்கும். (எனக்கு ராதாவைப் பிடிக்கும், அது வேறு விஷயம்.)

ஓட்டு கேட்கும்போது மட்டும் எனக்கு இந்தத் தாராளம் இல்லை. ரஜினி ராகவேந்திரரைக் கும்பிட்டார், இமயமலைக்குப் போனார், ஒரு ரசிகனும் குறை சொல்லவில்லை. 2017 டிசம்பர் 31 அன்று "ஆன்மீக அரசியல்" என்றபோதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மூன்று வருடம் கழித்து, அரசியலே வேண்டாம் என்று அவரே விலகிவிட்டார், நல்லதாய்ப் போயிற்று.

சரி, "வீட்டோடு வைத்துக்கொள்" என்பதற்கு வருகிறேன். எங்கள் ஊர் அதை ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறது. மதராஸ் ராணுவத் தளபதி ஜான் கிரேடாக் காலத்தில் சிப்பாய்களுக்குப் புது விதி வந்தது: உடுப்பில் இருக்கும்போது நெற்றியில் திருநீறு, நாமம் எதுவும் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போட வேண்டும். துரைக்கு அது வெறும் ஒழுங்கு, உடுப்புக்கு ஏது மதம் என்று நினைத்திருப்பார். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன்னால் வேலூர்க் கோட்டைக்குள் இந்துச் சிப்பாயும் முஸ்லிம் சிப்பாயும் சேர்ந்தே எழுந்தார்கள். திப்புவின் பிள்ளைகள் அங்கே அடைபட்டிருந்தது மாதிரி வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் பொறி வைத்தது நெற்றியும் தாடியும் தலைப்பாகையும்தான். ஆற்காட்டிலிருந்து கில்லஸ்பி குதிரைப்படையோடு வந்து சேர்வதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட வெள்ளைக்காரர்கள் செத்திருந்தார்கள், வந்த பிறகு செத்த சிப்பாய்கள் அதைவிட அதிகம். கடைசியில் விதியை வாபஸ் வாங்கினார்கள், கிரேடாக்கையும் ஆளுநர் பெண்டிங்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். மக்கான் சிக்னலில் நிற்கும் நினைவுத்தூணைத் தினமும் தாண்டித்தான் அச்சகத்துக்குப் போகிறேன். சட்டை கம்பெனியுடையதாக இருக்கலாம், நெற்றி அவனுடையது.

இன்னொன்று, கலையில் மதத்தைக் கலக்காதே என்பவர்கள் எங்கள் பக்கம் ஒரு பாரதக் கூத்து பார்த்திருக்க மாட்டார்கள். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் அர்ச்சுனன் தபசு அன்றைக்குக் கூத்தாடி நிஜமாகவே தபசு மரம் ஏறுவார், மேலிருந்து அவர் போடும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் முந்தானை ஏந்தி நிற்பார்கள். அந்த நேரத்தில் அவர் நடிகரா, பூசாரியா? இதே கூத்தில் கட்டியங்காரன் வந்து சாமியையும் ராசாவையும் சேர்த்தே கிண்டலடிப்பான், கும்பிட்ட அதே சனம் சிரிக்கும். கூத்துக் குழுவுக்குப் பெயர் ஜமா. அந்தச் சொல் உருது வழியாக வந்தது, ஆற்காட்டுக்காரனைக் கேட்டால் சொல்வான்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு ஒப்பாது.

எங்கள் குழுவில் அம்மன் பாட்டுக்கென்றே ஒரு பாடகர் இருந்தார். பகலில் ஆம்பூரில் ஷூ கம்பெனித் தையல் பிரிவு, ராத்திரி மேடை. எல்லோருக்கும் அவர் பாய். சத்துவாச்சாரியில் ஓர் ஆடி ஞாயிறு, பாய் பாடப் பாட, உடுக்கைச் சத்தத்தை நான் பேடில் ஏற்ற ஏற்ற, முன் வரிசையில் ஓர் அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. ஆடிக்கொண்டே மேடையேறி வந்து பாய் நெற்றி நிறையத் திருநீறு பூசினார். பாய் குனிந்து வாங்கிக்கொண்டார், பாட்டு ஒரு அட்சரம் பிசகவில்லை. இறங்கியதும், "இன்னா பாய், பள்ளிவாசல்ல கேக்க மாட்டாங்களா?" என்றேன். "அந்தம்மா குட்துச்சி, வாங்கிக்கினேன். அவங்க வூட்டுக்குப் போயி காபி குட்த்தா வேணான்னுவேனா?" என்று சொல்லிக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்தார், திருநீறும் வியர்வையோடு போயிற்று.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு வருடம், ஊர் பெயர் வேண்டாம், ஒரு விழாக் குழுவில் புதிதாக வந்த பையன்கள் போஸ்டர் மாதிரியைப் பார்த்துவிட்டு, பாடகர் பெயரைப் போட வேண்டாம், இனிஷியல் மட்டும் போடுங்கள் என்றார்கள். பாட வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மன் பாட்டு அவர் குரலில்தான் வேண்டும், பெயர் மட்டும் ஆகாது. பிரசங்கத்துக்கு அத்தனை கறாராக இருந்த மாஸ்டர், சீசன் போய்விடும் என்று தலையாட்டிவிட்டார். நானும் பக்கத்தில்தான் நின்றேன், வாயைத் திறக்கவில்லை. மேடைக்கு மதத்தைக் கொண்டு வந்தது யார்? பாய் ஒரு சொல்கூடப் பேசவில்லை, பெயர் மட்டும்தான் அவரிடம் இருந்தது. 2017இல் படத்தில் வந்த ஜிஎஸ்டி வசனத்துக்காக விஜய்யை "ஜோசப் விஜய்" என்று அழுத்திக் கூப்பிட்டபோதும், 2021இல் அந்தப் பாகிஸ்தான் ஆட்டம் தோற்ற ராத்திரி பதினோரு பேரில் ஷமியை மட்டும் பிடித்துத் திட்டியபோதும், எனக்கு அந்தப் போஸ்டர்தான் நினைவுக்கு வந்தது. அதே ஷமி 2025 மார்ச்சில் ரமலான் நேரத்தில் துபாய் அரையிறுதியில் பந்து போட்டுக்கொண்டே ஏதோ பானம் குடித்ததற்கு, நோன்பு வைக்கவில்லை என்று அவர் மதத்துப் பெரியவர் ஒருவரும் கண்டித்தார். பயணத்தில் இருப்பவருக்கு நோன்பில் விலக்கு உண்டு என்பது அவருக்குத் தெரியாததா. இரண்டு பக்கமும் அந்த மனிதனிடம் விக்கெட்டைக் கேட்கவில்லை.

பாய் அந்தக் கச்சேரியிலும் வந்து பாடினார். போஸ்டரைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

சில வருடம் முன்னால் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க என் அச்சகத்துக்கு வந்தார். நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அவர் முழுப் பெயரையும் பெரிய எழுத்தில், அட்டை கொள்ளும் அளவுக்குப் போட்டு, பிரிண்ட் எடுத்துக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"இவ்ளோ பெருசா எதுக்குப்பா, பொண்ணு பேரே தெரிய மாட்டேங்குது" என்றார். குறைத்துக் கொடுத்தேன்.