மதி முதலில், கோ கடைசியில்

கேள்வி: முக்கூடல் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு தாய் எழுதியிருக்கிறார். மகள் கோமதிக்கு 4 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது, எல்கேஜி படிக்கிறாள். எவ்வளவு சொல்லிக்கொடுத்தும் பெயரை எழுத வரவில்லை. இடது கையால்தான் பென்சிலைப் பிடிக்கிறாள், ஆச்சி தட்டிவிடுகிறார். டைரியில் மிஸ் சிவப்பு மையால் குறை எழுதி அனுப்பிவிட்டார். வேன் ஓட்டும் அண்ணாச்சி ஒரு கையெழுத்து வகுப்பின் நோட்டீஸைக் கொடுத்தார்; மூன்று மாதத்துக்கு 4,500 ரூபாய். 500 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. மீதியைக் கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

4 வயதில் பெயர் எழுத வராதது ஒரு குறையே இல்லை. மணிக்கட்டில் இருக்கும் 8 சின்ன எலும்புகளில் பல இந்த வயதில் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். அந்தக் கையில் நாலு கோடு நோட்டைக் கொடுத்து, கோட்டுக்குள் எழுது என்கிறோம். பிள்ளை அழுகிறது, நமக்குக் கோபம் வருகிறது. நீங்களே நினைத்துப் பாருங்கள், முதல் நாளே முழுக்கட்டு பீடி சுற்றினீர்களா? இலையை நனைக்கவும் வெட்டவும் பழகிய பிறகுதானே தூளும் நூலும் கைக்கு வந்தன?

இன்னொன்று, உங்கள் மகளின் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வாய்க்கு 'கோ' ஒரே ஒலி. கைக்கு அது மூன்று வேலை: முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் க, கடைசியில் கால். காதில் விழுவது க, எழுதத் தொடங்குவதோ கொம்பு. அதனால் பல பிள்ளைகள் க-வைப் போட்டுவிட்டுக் கொம்பை எங்கே வைப்பது என்று முழிப்பார்கள், பின்னால் ஒட்டுவார்கள். அது தப்பு இல்லை, கேட்ட வரிசையில் எழுதுகிறார்கள். முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்ளும் பிள்ளைக்கு மீதிப் பெயர் எப்படி வரும்?

எனவே பின்னாலிருந்து தொடங்குங்கள். முதலில் ம. கீழே இறங்கி, வலப்பக்கம் நடந்து, மேலேறி வளைந்து இறங்கும் எழுத்து. ப வந்துவிட்டால் ம பாதி வந்த மாதிரி. பிறகு த, அதன் தலையில் ஒரு கொக்கி. இரண்டையும் சேர்த்தால் 'மதி'. வானத்தில் காட்டி, அதுதான் இது என்று சொல்லலாம். அது நன்றாகக் கைவந்த பிறகு முன்னால் 'கோ'வைச் சேர்த்துக்கொள்ளலாம், அவசரமில்லை. பிறப்புச் சான்றிதழில் சங்கரகோமதி என்று இருந்தாலும் இப்போது அது வேண்டாம். கூப்பிட்டால் அவள் திரும்பிப் பார்க்கும் பெயர் போதும்.

எதில் எழுதுவது? ஒரு சொளகில், அதாவது முறத்தில், கூப்பன் அரிசியைப் பரப்பி, விரலால். விஜயதசமி அன்று ஒரு நாள் மட்டும் செய்துவிட்டு மறுநாள் பென்சிலுக்குத் தாவிவிடுகிறோம்; அதை மாதக்கணக்கில் செய்ய வேண்டும். பீடி சுற்றும் சொளகை மட்டும் எடுக்காதீர்கள், புகையிலைத் தூள் ஒட்டியிருக்கும், பிள்ளை விரலை வாயில் வைக்கும். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும். புள்ளிகளைச் சேர்த்து எழுதும் புத்தகம் வாங்க வேண்டாம். பிள்ளை அதில் எழுத்தைப் பார்ப்பதில்லை, புள்ளியைத்தான் பார்க்கிறது. கீழிருந்து மேலேயும் இழுக்கும், நடுவிலிருந்தும் இழுக்கும்.

இடது கையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் யாரும் சொல்வதில்லை. ஆச்சியிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்: தட்டிவிடக் கூடாது. சாப்பாட்டுக்கு வலது கை என்று பழக்குவது உங்கள் வீட்டு விஷயம், எழுத்தில் வேண்டாம். தமிழ் இடமிருந்து வலம் போகிறது. இடது கைப் பிள்ளை எழுதிக்கொண்டே போகும்போது எழுதியதைத் தன் கையாலேயே மறைக்கும், சிலேட்டு என்றால் அழித்தும்விடும். அதைப் பார்த்துத்தான் 'அசிங்கமாக எழுதுகிறாள்' என்கிறார்கள். நோட்டை அவளுடைய இடப்பக்கமாகத் தள்ளி, மேல்முனை வலப்பக்கம் சாயும்படி வையுங்கள். பென்சிலை முனையிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிக்கட்டும். நீங்கள் எழுதிக் காட்டும் மாதிரி எழுத்து இடப்பக்கம் இருந்தால் அவள் கை அதை மூடிவிடும். மேலேயோ வலப்பக்கமோ எழுதுங்கள். பள்ளியில் பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைக்கச் சொல்லுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையோடு இடித்துக்கொண்டே இருப்பாள், அதற்கும் டைரியில் சிவப்பு மை வரும். எழுத்தைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிப் போட்டாலும் பயப்படாதீர்கள். இடது கையோ வலது கையோ, 6, 7 வயது வரை பல பிள்ளைகள் அப்படிப் போடுவார்கள்.

இதைத்தான் அந்த வகுப்புக்காரர்கள் காசாக்குகிறார்கள். திருப்பி எழுதுகிறாளா, 'டிஸ்லெக்சியாவாக இருக்கலாம்' என்று, அதாவது எழுதப் படிக்கத் தடுமாறும் கற்றல் குறைபாடு என்று, ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால் தாய் வயிறு கலங்கிக் கையெழுத்துப் போட்டுவிடுவாள். 4 வயதுப் பிள்ளையை அரைமணி நேரம் பார்த்து அதைச் சொல்ல எவனாலும் முடியாது. எழுத்தைப் பார்த்தே குணத்தைச் சொல்வோம் என்று நோட்டீஸில் இருந்தால் அதைக் கடலை மடிக்க வைத்துக்கொள்ளுங்கள். அண்ணாச்சி நல்லவராகவே இருக்கலாம், ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கிக்கொண்டு ஆள் பிடித்துக் கொடுப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிக்கூடங்களைப் பற்றி என்ன சொல்ல? 2009-ல் வந்த கல்வி உரிமைச் சட்டம், பிள்ளைக்குத் தேர்வு வைத்துச் சேர்க்கக் கூடாது என்கிறது. கேட்டால், அது 6 வயதிலிருந்துதான், எல்கேஜிக்கு இல்லை என்று வாயை அடைப்பார்கள். சேர்க்கும்போதே 'பேர் எழுதத் தெரியுமா' என்கிறார்கள். தெரிந்திருந்தால் உங்களிடம் எதற்குச் சேர்க்க வேண்டும்? டைரிக் குறிப்புக்குக் கீழே ஒரே வரி எழுதி அனுப்புங்கள்: 'வீட்டில் விரலால் எழுதப் பழகுகிறாள், இடது கைப் பழக்கம், பெஞ்சின் இடது ஓரத்தில் உட்காரவைக்கவும்.'

அந்த 500 ரூபாயை விட்டுவிடாதீர்கள். ரசீதை எடுத்துக்கொண்டு நீங்களே வகுப்புக்குப் போய்க் கேளுங்கள். அண்ணாச்சி வழியாகக் கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்துவிடுவார்கள். ரசீதே கொடுக்கவில்லை என்றால் பணம் வருவது கஷ்டம்தான், ஆனாலும் ஒரு தடவை போய் நில்லுங்கள், கூட வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.