சுவரில் பூத்த உப்புக்கு யார் பொறுப்பு?

கேள்வி: திருகோணமலை உப்புவெளியில் கட்டிய புது வீட்டில் ஹோல் சுவருக்கு ‘வெனிஷியன் ஸ்டக்கோ’ என்ற அலங்காரப் பூச்சு பூசுவித்தேன். 180,000 ரூபாவுக்குப் பேசி 140,000 கொடுத்துவிட்டேன், பேச்செல்லாம் வட்ஸ்அப்பில்தான். வேலை முடிந்து இரண்டு மாதம். சுவரின் அடிப்பக்கம் கொப்பளித்து வெள்ளைப் பொடி கொட்டுகிறது. ‘சுவர்தான் பிழை’ என்கிறார் பெயின்றர். மிச்சம் 40,000 தராவிட்டால் பொலிஸுக்குப் போவாராம்.

பதில்: பொலிஸை விடுங்கள். கூலிப் பாக்கி சிவில் விஷயம், அதை அவர்கள் அறவிட்டுத் தர முடியாது.

உங்களுக்கு அவசரம் வேறிடத்தில். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறைப்பாடு செய்வதானால், சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் போய்விட்டது. அந்த அதிகாரசபைக்கான 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தொழிலாக வேலை எடுப்பவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்வார், போடும் பொருளும் அந்த வேலைக்குப் பொருந்தும் என்ற உத்தரவாதத்தை, நீங்கள் கேட்காவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் வைக்கிறது. ஆகவே ‘சுவர் பிழை’ என்பது அரைப் பதில்தான். அந்த வெள்ளைப் பொடி, ஈரத்தோடு சுவரிலிருந்து வெளிவரும் உப்பு. ஊரின் பெயரிலேயே உப்பு இருக்கிறது, ஈரம் பார்க்காமல் பூசியது யார்?

ஆனால் புதுச் சீமெந்துப் பூச்சு நான்கு வாரமாவது காய வேண்டும். ‘பொறுங்கள்’ என்று அவர் எழுதியும் குடிபூரலுக்காக நீங்கள் அவசரப்படுத்தியிருந்தால் உங்கள் கை தாழ்ந்துவிடும். பழைய செய்திகளை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அவை சாட்சியம், போன் மாற்றும்போது அழித்துவிட வேண்டாம்.

அப்புறம், காலி வாளியையும் எறியாதீர்கள். அசல் வெனிஷியன் ஸ்டக்கோ சுண்ணாம்பும் சலவைக்கல் தூளும் சேர்ந்தது, ஈரம் அதனூடாக வெளியேறும். அதே பெயரில் விற்கும் அக்ரிலிக் கலவை தோல்போல மூடி, உள்ளே ஈரம் சேர்ந்ததும் உரியும். சுண்ணாம்பு என்று பேசி அக்ரிலிக் பூசியிருந்தால், பேசிய பொருளையே அவர் தரவில்லை. லேபிளைப் படமெடுத்து வையுங்கள்.

சுவரை இப்போது சுரண்ட வேண்டாம். படங்கள் எடுத்து, அனுபவமுள்ள வேறொரு மேசனிடம் எழுத்தில் கருத்து வாங்கி, 14 நாளில் திருத்தித் தரும்படி பெயின்றருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். அதுவரை 40,000 உங்களிடமே இருக்கட்டும்.

அவர் அசையாவிட்டால், இந்தத் தொகைக்கு முதலில் போக வேண்டியது, இரு தரப்பையும் பேசி இணக்கப்படுத்தும் மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணி தோன்ற முடியாது. சட்டத்தரணியான எனக்கு நட்டம், உங்களுக்கு மிச்சம். இணக்கம் வராவிட்டால் சபையின் சான்றிதழோடுதான் நீதிமன்றம் போகலாம். செய்த வேலைக்குக் கூலி கேட்டு அவர் வழக்குப் போடுவதானாலும் ஒரு வருடத்துக்குள் போட வேண்டும்.